லட்சுமண அண்ணனின் சமாதியும் ஒரு டம்ளர் காப்பியும்

சைகோனின் தாவோ தியென் பகுதியில் என் மகள் குடியிருக்கும் அடுக்குமாடியின் கீழே ஒரு யோகா கூடம். நேற்று என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். எலுமிச்சைப்புல் எண்ணெய் வாசம் கும்மென்று அடித்தது. சொல்லித்தருகிற வியட்நாமியப் பெண், மனதை நிறுத்துங்கள், அது போதும் என்றாள். போதுமா என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. ஐந்தாவதோடு படிப்பை விட்டவள் நான். நாலு பேர் நடுவில் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

போர் முடிந்து சைகோன் கம்யூனிஸ்டுகள் கைக்கு மாறி இரண்டு மூன்று வருஷம் இருக்கும். செட்டியார்கள் பெரும்பாலும் ஊர் திரும்பிவிட்டார்கள். அவர்கள் கட்டிவிட்டுப் போன கோயிலின் மடப்பள்ளியில் என் வீட்டுக்காரர் சமையல், நான் கூடமாட. வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் மிச்சமிருந்த ஏழெட்டுத் தமிழர்கள் பின்கட்டில் உட்கார்ந்து வேதாந்தம் பேசுவார்கள். நான் கதவு மறைவில் நின்று கேட்பேன். பாதி விளங்காது. ஆனாலும் நகரமாட்டேன்; என் வீட்டுக்காரர் வாயைத் திறக்காத மனுஷர். வாரத்தில் எனக்குக் கிடைத்த தமிழ் அவ்வளவுதான்.

தேவகோட்டை லட்சுமண அண்ணன் மூச்சை அடக்கி அரை மணி நேரம் அசையாமல் இருப்பார். மனம் ஒடுங்கினால் பிரம்மம் தானே விளங்கும் என்பது அவர் கட்சி. காரைக்கால் சதாசிவம் சார் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லித்தந்தவர். "தூக்கத்துலயும்தான் மனசு ஒடுங்குது. முழிச்சவனெல்லாம் ஞானியா?" என்பார். நான் யார் என்று ஆராய்ந்து அறியாமல் விடுதலை இல்லை என்பது இவர் கட்சி.

சோளம் கலக்காத காப்பித்தூள் கண்ணில் படாத காலம். அன்று எப்படியோ நல்ல தூள் கிடைத்து, ஆளுக்கொரு டம்ளர் கொடுத்தோம். லட்சுமண அண்ணன் சமாதியிலிருந்து கண் திறந்தார். முதல் வார்த்தை: "எவன்டா என் காப்பியக் குடிச்சது?"

"ஆறிப்போகுதேன்னு நான்தான் குடிச்சேன். அரை மணி நேரமா இந்தக் கோபம் எங்கண்ணே ஒளிஞ்சிருந்துச்சு?" என்றார் சார். எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

அண்ணன் துண்டை உதறி எழுந்தார். "இனிமே இந்தப் பக்கம் தலவச்சுப் படுக்கமாட்டேன்."

அவர் போனால் கூட்டம் கலைந்துவிடும். ரேஷன் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த முறத்தோடு வெளியே வந்துவிட்டேன்.

"அண்ணே, மொறம் ஆடாம இருந்தாத்தான் கல்லு கண்ணுக்குத் தெரியும். ஆனா ஆடாமப் பிடிச்சுக்கிட்டே இருந்தா கல்லு போயிருமா? இது கல்லு, இது அரிசின்னு பாத்தாத்தானே போகும்?"

"அப்படிப் போடு!" என்று சார் தொடையைத் தட்டினார்.

"உங்களுக்குந்தான் சார். ஆடுற மொறத்துல தேடுனா விரல்தான் வலிக்கும்."

அண்ணன் உட்கார்ந்தார். "இத்தனை நாளும் கதவுக்குப் பின்னால நின்னு எங்களப் பொடச்சுக்கிட்டா இருந்த? இங்க வந்து உக்காரு வள்ளி."

உட்கார்ந்தேன். சபையில்! தலை நிமிர்ந்தே இருந்தது. அதன்பின் நான் வராமல் பேச்சைத் தொடங்கமாட்டார்கள்.

சார் பிரான்சுக்குப் போனார், அண்ணன் தேவகோட்டைக்கு. பின்கட்டில் தமிழ் கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று. அண்ணன் வருஷத்துக்கு ஒரு கடிதம் போடுவார். கடைசியாக வந்ததில் மூன்றே வரி:

"நேற்று மருமகப்பிள்ளை மேல் கோபம் வந்தது. கண்ணை மூடிக்கொண்டு, யாருக்கு வந்தது என்று பார்த்தேன். ஆளைக் காணோம் வள்ளி."