கேரவனில் ஏறிய கிணறு

கடியப்பட்டணத்தில் ததேயுஸ் வீடு எது என்று கேட்டால், எந்தத் ததேயுஸ் என்று திருப்பிக் கேட்பார்கள். 'வெள்ளம் ததேயுஸ்' என்று சொன்னால் சின்னப் பிள்ளையும் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டுவிடும். அந்தப் பக்கத்தில் தண்ணீருக்கு வெள்ளம் என்றுதான் பேச்சு. மனுஷன் குருசடிக்கு ஜெபிக்கப் போனாலும் கையில் ஒரு பாட்டில், கல்யாண வீட்டுக்குப் போனாலும் ஒரு பாட்டில். அடுத்த தெருவில் துக்கம் கேட்கப் போகும்போதுகூட வெறுங்கையோடு படி இறங்கமாட்டார். யாராவது செம்பில் ஊற்றிக் கொடுத்து "மதியா?" என்று கேட்டால், அதாவது போதுமா என்று கேட்டால், "இன்னும் கொஞ்சம்" என்பார். மதி என்று அவர் சொல்லி ஊரில் யாரும் கேட்டதில்லை.

சும்மா வந்த பழக்கமில்லை அது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆழ்கடலில் தங்கல் தொழில் செய்தவர். விசைப்படகில் ஸ்ராங்கு, அதாவது படகை ஓட்டுகிறவர். கொச்சியிலிருந்து கிளம்பினால் திரும்பிக் கரையைப் பார்க்க ஒரு மாதம் ஆகும். ஒரு முறை லட்சத்தீவுக்கு அப்பால் எஞ்சின் படுத்துவிட்டது. படகு நீரோட்டத்தோடு போய்க்கொண்டே இருக்க, நேரம் பார்த்துத் தண்ணீர் டாங்கியும் விரிசல் விட்டது. மீன் அறையில் உருகிக் கிடந்த ஐஸ் தண்ணீரை வேட்டித் துணியில் வடிகட்டிக் குடித்தார்கள். அதுவும் தீர்ந்த பிறகு, கூட்டாளி மரியஜான் விடியற்காலையில் பலகையில் படிந்திருந்த பனியை நக்கினான். ததேயுஸ் அதைக் கண்ணால் பார்த்தார். கடைசியில் ஒரு கொல்லத்துப் படகு வந்து தண்ணீர் கொடுத்துக் கரைசேர்த்தது. எல்லாரும் உயிரோடுதான் திரும்பினார்கள். ஆனால் அந்தத் தாகம் அவரோடு வீட்டுக்கு வந்து, பாய் விரித்துப் படுத்துக்கொண்டது.

கடல் அவரிடமிருந்து வேறொன்றையும் எடுத்துக்கொண்டது. மகள் பிரிஜா பிறந்தபோது அவர் கடலில். அவளுக்கு ஞானஸ்நானம் நடந்தபோதும் கடலில். அவள் வெள்ளைக் கவுன் போட்டு, தலையில் பூமுடி வைத்து, கோயிலில் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை நாளிலும் கடலில்தான். அன்றைக்குத் தகப்பன் நிற்க வேண்டிய இடத்தில் நின்றது மனைவி கிளாராவின் தம்பி ஆன்ட்ரூஸ். பிரிஜா அழவில்லையாம். எட்டு வயதில் அழாமல் இருந்தாளே என்றுதான் கிளாரா பிறகு அழுதாள்.

அந்தப் பிரிஜா இப்போது கொடைக்கானலில் நர்ஸ். அவளுடைய மகள் ஜினிக்குப் புதுநன்மை, மே மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை என்று போன் வந்தது.

"அம்மா வருவாவன்னு தெரியும். நீங்களும் வந்தா நல்லது அப்பா" என்றாள்.

வாங்க என்று சொல்லவில்லை, வந்தால் நல்லது என்றாள். இந்தத் தடவை போகாவிட்டால் அவள் இனிமேல் கூப்பிடவே மாட்டாள் என்பது ததேயுஸுக்குப் புரிந்துவிட்டது.

போவதிலும் சிக்கல் இருந்தது. கிளாராவுக்குச் சர்க்கரை. அரை மணிக்கொரு தரம் ஒதுங்க இடம் வேண்டும், பஸ்ஸில் அது நடக்காது. ததேயுஸுக்கோ, அத்தனை வருஷம் படகின் ஒடுக்கமான பலகையில் படுத்துவிட்டு, லாட்ஜ் கட்டிலில் உறக்கம் பிடிக்காது. அதனால் கடல் தொழிலை விட்டதும் ஒரு பழைய பள்ளிக்கூட வேனை வாங்கி, தக்கலையில் பிரைட்டனின் பட்டறையில் கேரவனாக மாற்றக் கொடுத்திருந்தார். கட்டில், அடுப்பு, கிளாராவுக்கென்று ஒரு சின்னக் கழிப்பறை. எல்லாம் அழகாக அமைந்தது. தண்ணீர் டாங்கியில் வந்துதான் ததேயுஸுக்கும் பிரைட்டனுக்கும் முட்டிக்கொண்டது.

"அண்ணே, ரெண்டு பேருக்கு ஒரு நாளைக்கு அம்பது லிட்டர் தாராளம்" என்றான் பிரைட்டன். "குடிக்க, சமைக்க, கழுவ, எல்லாம் அதுல முடியும். நூறு லிட்டர் டாங்கி வச்சுத் தாறேன். தீந்தா வழியில நெறச்சுக்கிடலாம்."

"வழியில ஆருட்ட கேப்ப?"

"ரோடு நெடுக பெட்ரோல் பம்பு இருக்கு, கோயில் இருக்கு, வீடு இருக்கு. கேட்டா தரமாட்டாவளா?"

"தரல்லன்னா?"

பிரைட்டன் தான் சொன்னபடியே நூறு லிட்டர் டாங்கியை வைத்து வண்டியைக் கொடுத்துவிட்டான். ததேயுஸ் அதை வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டிலுக்கு அடியில் இன்னொரு ஐந்நூறு லிட்டர் டாங்கியைத் தன் கையாலேயே பொருத்தினார். அது போதாதென்று நான்கு கேன்கள். மண்டைக்காட்டுப் பக்கம் ஒரு நல்ல தண்ணீர்க் கிணறு பார்த்து, மோட்டார் போட்டு எல்லாவற்றையும் நிரப்பினார். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் படகில் பாரம் ஏற்றினால் படகு கொஞ்சம் தாழும், அலையில் ஆட்டம் குறையும். வேனும் பின்பக்கம் தாழ்ந்து உட்கார்ந்தது. அதைப் பார்த்து ஆசாமிக்குப் பரம திருப்தி.

"ஆரல்வாய்மொழி காத்துல ஆடாம நிக்கணும்லா. அடியில பாரம் வேணும்" என்றார்.

"இது வண்டியா கிணறா?" என்று கேட்டுவிட்டு கிளாரா ஏறி உட்கார்ந்தாள்.

சனிக்கிழமை விடிந்ததும் கிளம்பினார்கள். சாயங்காலத்துக்குள் கொடைக்கானல் மலையடிவாரம், ஞாயிறு காலையில் மலை ஏறினால் ஒன்பது மணிப் பூசைக்கு முன்னால் சேர்ந்துவிடலாம் என்பது திட்டம். நாகர்கோவில் தாண்டுவதற்குள்ளேயே ரகளை ஆரம்பமாகிவிட்டது.

"ஏட்டி கிளாரா, பின்னால வெள்ளம் ஓடுகு!"

"டம்ளரு கழுவுதேன்."

"ஒரு டம்ளரு கழுவ இம்புட்டு நேரமா? கடல்ல நாங்க அரிசியே உப்புத் தண்ணியிலதான் களைவோம்."

"அப்பம் அந்தக் கடலையும் தூக்கி ஏத்தியிருக்கணும்."

இதுதான் வேடிக்கை. அறுநூறு லிட்டருக்கு மேல் ஏற்றிக்கொண்டு வந்த மனுஷன், அதில் ஒரு குவளையைச் செலவழிக்க விடவில்லை. கழிப்பறைக்கு ஒரு கப் என்று அளவு வைத்தார். தோவாளையில் நிறுத்தி, ஜினியின் பூமுடிக்கென்று கிளாரா ஒரு கூடை சம்பங்கி வாங்கினாள். நாளை வரை வாடாமல் இருக்க ஈரத்துணி போட்டு மூட வேண்டும். துணியை நனைக்க அரை டம்ளர்தான் கிடைத்தது. கிளாரா அதிலேயே துணியை நனைத்துக் கூடையை மூடினாள். அவள் சண்டை பிடிக்காமல் இருப்பது நல்லதற்கல்ல என்பது ததேயுஸுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஆரல்வாய்மொழியில் ஒரு வேகத்தடை. காற்றாலைகள் இரண்டு பக்கமும் சுற்றிக்கொண்டிருக்க, வண்டி அதில் ஏறி இறங்கியதும் பின்னாலிருந்து படார் என்று ஒரு சத்தம். வேன் ஒரு பக்கமாகச் சரிந்து நின்றுவிட்டது. பக்கத்திலேயே லாரிப் பட்டறை. அங்கிருந்து எபிசன் என்ற மெக்கானிக் வந்து குனிந்து பார்த்தான்.

"ஸ்பிரிங் பிளேட் ஒடஞ்சு போச்சு அண்ணாச்சி. உள்ள என்ன, கருங்கல்லா?"

"வெள்ளம்."

எபிசன் கதவைத் திறந்து பார்த்தான். கட்டிலைத் தூக்கிப் பார்த்தான். சிரிக்கக் கூடாதென்று பாடுபட்டும் முடியவில்லை.

"பிளேட் மாத்தித் தாறேன். மத்தியானம் கெளம்பிரலாம். ஆனா இந்த வெள்ளத்தக் கொட்டணும். இந்தப் பாரத்தோட எறக்கம் வந்தா பிரேக்கு பிடிக்காது."

"ரெண்டு பிளேட்டு கூடப் போடு. வெள்ளம் இருக்கட்டும்."

"பிளேட்டு எத்தன வேணும்னாலும் போடலாம். பிரேக்குக்கு ஆரு ஜவாப்பு? நான் மாட்டேன் அண்ணாச்சி."

ததேயுஸ் விடவில்லை. பாதியை இறக்கலாமா என்றார், கேன்களை மட்டும் இறக்கலாமா என்றார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பேச்சு முடிகிற மாதிரி இல்லை என்று கண்டதும், கிளாரா பூக்கூடையைத் தூக்கிக்கொண்டு வண்டியிலிருந்து இறங்கினாள்.

"நான் பஸ்ல போறேன்."

"பஸ்ல நீ எப்பிடி போவ? ஒனக்கு முடியாதுல்லா?"

"எப்பிடியாம் போவேன். நீங்க ஒங்க வெள்ளத்துக்குக் காவல் இருங்க. பிரிஜாட்ட நான் என்ன சொல்லணும், அத மட்டும் சொல்லிருங்க. அவ பொறந்தப்பம் கடல்ல. அவளுக்க புதுநன்மைக்குக் கடல்ல. இப்பம் கரையில இருந்துக்கிட்டே வரல்லன்னு சொல்லவா?"

ததேயுஸின் முகம் சுருங்கிப்போனது. "நீ அந்தப் போட்டுல இல்ல கிளாரா. ஒனக்குத் தெரியாது."

"தெரியாதுதான். அண்ணைக்கு ஒங்களுக்கு வெள்ளம் தந்தது ஆரு?"

"கொல்லத்துப் போட்டுக்காரன்."

"அவன் பேரு?"

தெரியாது. அவர் கேட்டு வைத்ததில்லை.

"அவனும் தங்கலுக்கு வந்தவன்தான? எங்களுக்கே பத்தாதுன்னு அவன் போயிருந்தா நீங்க இருப்பியளா? இல்லாம போனதத்தான் இத்தன வருஷமா நெனச்சுக்கிட்டு இருக்கிய. தந்தவன ஒரு நாளாவது நெனச்சியளா?"

ததேயுஸ் அந்த மனிதனின் முகத்தை நினைவுபடுத்தப் பார்த்தார், வரவில்லை. குரல்தான் வந்தது. இரண்டு படகுக்கும் நடுவே குழாயை நீட்டிக்கொண்டு, தன் டாங்கி குறைவதைப் பற்றிக் கவலையே இல்லாமல், "மதியா?" என்று கத்திக் கேட்ட குரல். அவர் அன்றைக்கும் "இன்னும் கொஞ்சம்" என்றுதான் சொன்னார். அவன் கொடுத்துக்கொண்டே இருந்தான். வெட்கமாக இருந்தது ததேயுஸுக்கு.

அவர் வண்டிக்கு அடியில் குனிந்து, டாங்கியின் குழாயில் கையை வைத்தார். திறக்க மனம் வரவில்லை. தண்ணீரைத் தரையில் ஓடவிடுவதைப் பார்க்க அவருக்குத் திராணி இல்லை. எதிரே டீக்கடை நடத்தும் ஓமனா இதையெல்லாம் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

"சேட்டா, ரோட்டுல விடாதீங்க. எங்க தெருவுல பைப்புல வெள்ளம் வந்து நாலு நாளாச்சு" என்றவள், தெருவைப் பார்த்து ஒரு குரல் கொடுத்தாள். குடங்கள் வந்தன. பச்சைக் குடம், சிவப்புக் குடம், பெயிண்டு வாளி, கல்யாணத்துக்கு வாங்கிய எவர்சில்வர் அண்டா. ததேயுஸ் தானே குழாயைப் பிடித்து நிரப்பினார்.

"எந்த ஊரு வெள்ளம்?" என்றாள் ஒருத்தி.

"மண்டைக்காடு."

"அய்யோ, கடக்கர வெள்ளம் உப்பு கரிக்காதா?"

"குடிச்சுப் பாரு, அப்பறம் சொல்லு" என்றார் ரோஷமாக. குடித்துப் பார்த்தாள். நல்ல தண்ணீர்தான் என்று ஒத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஒவ்வொரு குடம் நிறையும்போதும் "மதியா? மதியா?" என்று அவர் கேட்டுக்கொண்டிருந்தது, எங்கேயோ கடலில் கேட்ட குரல் மாதிரி அவர் காதிலேயே விழுந்தது. ஐந்நூறு லிட்டர் டாங்கி காலியானது, கேன்களும் காலியாயின. பிரைட்டன் வைத்த நூறு லிட்டர் மட்டும் மிஞ்சியது. எபிசன் பிளேட் மாற்றி முடித்தபோது வண்டியின் பின்பக்கம் நிமிர்ந்திருந்தது. கிளாரா பூக்கூடையோடு மறுபடி ஏறிக்கொண்டாள்.

"துணியில நல்லாத் தெளி" என்றார் ததேயுஸ், திரும்பிப் பார்க்காமல்.

மதுரை தாண்டும்வரை மனுஷனுக்குள் பதற்றம் போகவில்லை. ஒவ்வொரு தடவை பின்னால் குழாய் ஓடும்போதும் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்தார், ஆனால் கணக்குக் கேட்கவில்லை. கிளாராவும் சளைக்கவில்லை. கைகழுவினாள், மூஞ்சி கழுவினாள், கழுவின டம்ளரையே மறுபடி கழுவினாள். வத்தலக்குண்டில் ஒரு பெட்ரோல் பம்பில் இரவு தங்க நிறுத்தும்போது டாங்கியில் கால் பாகம்தான் இருந்தது.

"நீங்களே போய்க் கேளுங்க" என்றாள்.

அவர் காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு போய், பம்புக்காரரின் முன்னால் நின்றார். வாய் வரவில்லை. யாரிடமும் தானாகப் போய்த் தண்ணீர் கேட்டுப் பழகாத நாக்கு அது. பம்புக்காரர் நோட்டு எண்ணிக்கொண்டிருந்தவர், கேனைப் பார்த்தார்.

"தண்ணியா? அந்தா பைப்பு இருக்கு, பிடிச்சுக்கங்கய்யா" என்று சொல்லிவிட்டு எண்ணுவதைத் தொடர்ந்தார்.

இவ்வளவுதானா என்று இருந்தது ததேயுஸுக்கு. இந்த ஒரு வார்த்தைக்காகவா ஒரு கிணற்றைச் சுமந்தோம் என்று நினைத்துக்கொண்டு பைப்படியில் தனியாக நின்று சிரித்தார். அன்றைக்கு வண்டிக் கட்டிலில் படுத்ததும் உறங்கிவிட்டார்.

மறுநாள் காலை, பூசைக்கு இன்னும் நேரம் இருக்கும்போதே கேரவன் பிரிஜா வீட்டு வாசலில் போய் நின்றது. வாசலில் ஜினி வெள்ளைக் கவுனில் நின்றாள். பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையோடு ஆன்ட்ரூஸ். முந்தின நாளே பஸ்ஸில் வந்துவிட்டாராம். தாத்தா நிற்க வேண்டிய இடத்துக்கு வேறு ஆள் வைத்திருக்கிறார்கள் என்பது ததேயுஸுக்கு விளங்கிவிட்டது.

"நான்தான் மாமாவ வரச் சொன்னேன்" என்றாள் பிரிஜா. "நீங்க வரமாட்டிய, கடைசி நேரத்துல ஏதாவது ஆவும்னு நெனச்சுட்டேன் அப்பா."

ஆன்ட்ரூஸ் விலகி நின்றார். அந்த இடம் காலியாக இருந்தது. கிளாரா கூடையைத் திறந்தாள். சம்பங்கி ஒன்றும் வாடவில்லை.

ததேயுஸ் படியேறி மகளுக்கு முன்னால் வந்தார். கையில் பாட்டில் இல்லை. அதை அப்போதுதான் பிரிஜா கவனித்தாள்.

"மக்ளே, எனக்கு கொஞ்சம் வெள்ளம் தா."

அவள் உள்ளே ஓடிப்போய்ச் செம்பில் கொண்டுவந்தாள். அவர் வாசலில் நின்றபடியே குடித்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மதியா அப்பா? இன்னும் கொண்டு வரட்டா?" என்றாள்.

"மதி மக்ளே" என்றார் ததேயுஸ். செம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, போய் ஜினியின் பக்கத்தில் நின்றுகொண்டார்.