மூக்கண்டப்பள்ளியில் ஒரு பேரரசு

ஆஸ்திரியாவை ஆண்டவர்களின் பெயர்கள் எனக்கு வரிசையாகத் தெரியும். ஆசைப்பட்டுக் கற்றுக்கொண்டதில்லை. போன வருஷம் முழுக்க எங்கள் மூக்கண்டப்பள்ளி வீட்டு அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவில் அவர்கள்தான் நடமாடிக்கொண்டிருந்தார்கள். நான் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருப்பேன். ஹாலில் செல்போனைத் தண்ணீர் பாட்டிலில் சாய்த்து வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் மகளிடம் கேள்வி கேட்பார். அந்தப் பக்கம் வியன்னாவில், ஆஸ்பத்திரியில் காலை ஷிப்ட் முடித்து வந்த களைப்போடு அவள் பதில் சொல்லுவாள்.

மகள் அங்கே நர்ஸ். போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. குடியுரிமைக்கு விண்ணப்பித்திருந்தாள், அதற்கு அந்த நாட்டுச் சரித்திரத்தில் ஒரு பரீட்சை உண்டு. பாஸானால் அவள் ஆஸ்திரியக்காரி. இந்தியப் பாஸ்போர்ட்டை ஒப்படைத்துவிட வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ள நம் நாடும் விடாது, அந்த நாடும் விடாது. தங்கும் அனுமதியைத் திரும்பத் திரும்பப் புதுப்பிக்க வேண்டியிருக்கிறது, வேலை போனால் என்ன ஆகும் என்றே தூக்கம் வருவதில்லை, இந்தப் பயம் போதும் என்றாள். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையில் ஒப்பந்தத் தொழிலாளியாகவே பாதி வாழ்க்கையை ஓட்டியவள் நான். எனக்கு அது புரியாதா?

அவருக்குத்தான் புரியவில்லை. மகள் விஷயத்தைச் சொன்ன அன்று போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அதற்குப் பிறகு சில மாதங்கள் அவளோடு பேச்சே இல்லை. இங்கே நாங்கள் இரண்டு பேரும் அங்கே அவளும் முள்மேல் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது. திடீரென்று ஒரு சாயங்காலம், தன் கம்பெனி யூனிபார்மைக்கூடக் கழற்றாமல், பாடத்தை அனுப்பச் சொல்லு, நான் கேள்வி கேட்கிறேன் என்றார். மகள் சந்தோஷத்தில் அழுதாள். எனக்கு மட்டும் மனசு ஒட்டவில்லை. இந்த மனுஷன் அவ்வளவு சுலபத்தில் இறங்கி வருகிற ஆள் கிடையாது.

அவர் விருதுநகர்ப் பக்கத்துக்காரர். வேலை தேடி ஓசூருக்கு வந்து, உத்தனப்பள்ளியில் பிறந்த என்னைக் கட்டிக்கொண்டு, இங்கேயே எலெக்ட்ரீஷியனாக நிலைத்துவிட்டார். பத்தாம் வகுப்பில் சமூக அறிவியலில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவதாக வந்த பெருமை இன்னும் குறையவில்லை. அந்தக் காலத்துப் பழக்கம், பாடம் முழுவதையும் படிப்பதில்லை. எது வரும், எது வராது என்று கணித்து முக்கியக் கேள்விகளை மட்டும் டிக் அடித்து மனப்பாடம் செய்வது. மகள் அனுப்பிய பாடத்தைப் போனிலேயே தமிழாக்கிப் படித்துவிட்டு, ராஜாக்களையெல்லாம் டிக் அடித்தார்.

பல நூறு வருஷம் ஒரே குடும்பம் ஆண்டிருக்கிறது. சண்டை போட்டுப் பிடித்த ஊர்களைவிடப் பெண் கொடுத்துப் பெண் எடுத்துச் சேர்த்த ஊர்கள்தான் அதிகமாம். ஒரு பேரரசி வரிசையாகப் பிள்ளைகளைப் பெற்று, பெண்களை நாலா திசையிலும் கட்டிக் கொடுத்துக்கொண்டே, ஊர்ப் பிள்ளைகள் எல்லாரும் பள்ளிக்கூடம் போயாக வேண்டும் என்று சட்டமும் போட்டிருக்கிறாள். அவள் மகன் பண்ணையடிமை முறையை ஒழித்தான். பின்னால் வந்த ஒரு கிழவர் சாகிறவரைக்கும் நாற்காலியை விட்டு இறங்கவேயில்லை. இதையெல்லாம் அவர் கேட்க, அவள் ஒப்பிக்க, வருஷங்கள் மழை மாதிரி கொட்டும்.

பேரரசின் வீழ்ச்சிக்கான காரணங்கள் என்பது அவருக்கு ரொம்பப் பிடித்த கேள்வி. பல மொழி பேசுகிறவர்களை ஒரே கூரையின் கீழ் வைத்திருந்ததுதான் முதல் காரணம் என்பார். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். கம்பெனியில் எங்கள் அசெம்பிளி லைனில் தெலுங்கு, கன்னடம், தமிழ், இந்தி, ஒடியா என்று எல்லாம் பேசுகிறோம், இன்னும் உடையவில்லை. கேன்டீனில் ஒருநாள் சோறு போடாமல் இருந்து பாருங்கள், அன்றைக்கு உடையும் என்று அடுப்படியிலிருந்தே சொன்னேன். மகள் சட்டென்று நிமிர்ந்தாள். அங்கேயும் அதுதானம்மா நடந்தது என்றாள். முதல் உலகப் போரில் வியன்னாவில் மாவு இல்லை, கரி இல்லை, பெண்கள் கடை வாசலில் விடியவிடிய வரிசையில் நின்றார்கள். கடைசியில் ஜனங்கள் நாடாளுமன்றத்துக்கு முன்னால் கூடி, இனி ராஜா வேண்டாம், குடியரசு என்றார்கள். பெண்களுக்கு ஓட்டு வந்தது. இருபது வருஷத்தில் அதே ஜனங்களில் பெருங்கூட்டம் சதுக்கத்தில் கூடிப் பக்கத்து நாட்டுச் சர்வாதிகாரிக்குக் கை தட்டியது. அதைப் பற்றி வாயைத் திறக்க அந்த ஊருக்கு ரொம்பக் காலம் ஆனது. இதெல்லாம் பரீட்சையில் வரும் என்று தோன்றுகிறது என்றாள்.

"அதெல்லாம் சின்னக் கேள்வி. வராது, விடு பாப்பா" என்றார் அவர்.

பெயிலானாள்.

ராஜாக்கள் பெயருக்குத்தான் வந்திருந்தார்கள். மற்றதெல்லாம் குடியரசு, ஓட்டுரிமை, சட்டம் யாரிடமிருந்து பிறக்கிறது, அந்தக் கைதட்டலுக்குப் பிறகு யூத ஜனங்களுக்கு என்ன ஆனது, இரண்டாம் உலகப் போருக்குப் பின் நாலு நாட்டுப் படைகள் எப்போது வெளியேறின என்பவை. மறுபடி எழுதலாம், அதற்கு வழி உண்டு. ஆனால் அன்று சாயங்காலம் போனில் தெரிந்த முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. அவர் ஹாலில்தான் இருந்தார். மிக்ஸியின் பிளக்கைக் கழற்றி வைத்துக்கொண்டு ஒயரைச் சீவிக்கொண்டிருந்தார்.

நானும் மகளும் மறைவாகப் பேச வேண்டியதைத் தெலுங்கில் பேசுவோம். அது என் அம்மா வீட்டுப் பேச்சு. அவளுக்குச் சின்ன வயதிலேயே என்னிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவர் ஒருநாளும் தெலுங்கில் வாய் திறந்ததில்லை. மாமியார் வீட்டிலும் தமிழ்தான் பேசுவார். அதனால் அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அவரைப் பற்றிப் பேசுவது எங்களுக்கு வழக்கமாகிவிட்டது. அன்றும் அவள் தெலுங்குக்கு மாறினாள். அப்பா வேண்டுமென்றேதான் தப்பாகச் சொல்லிக் கொடுத்தாரா, நான் போய்விடக் கூடாது என்றுதானே என்று கேட்டாள். நானும் தெலுங்கிலேயே, அப்படித்தான் இருக்கும் போலிருக்கிறது என்றேன்.

ஒயர் சீவுகிற சத்தம் நின்றது.

போனை வைத்த பிறகு அவர் என்னைப் பார்த்தார். திருத்தமான தெலுங்கில், தெற்கத்தி இழுவையோடு, வேண்டுமென்று செய்யவில்லை என்றார். பஜாரில் தெலுங்கு, மார்க்கெட்டில் கன்னடம் என்று இத்தனை வருஷம் ஓசூரில் குப்பை கொட்டிய மனுஷனுக்குக் காது கேட்கும் என்பதைக்கூட நாங்கள் யோசித்ததில்லை. நாங்கள் இதுவரை பேசியதெல்லாம் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. ஆத்திரத்தைத்தான் காட்டினேன். பெண் நாசமாகப் போகட்டும் என்றுதானே சரித்திரத்தில் பாதியை மறைத்தீர்கள் என்று கத்தினேன்.

அவர் பிளக்கைக் கீழே வைத்தார். "எனக்குத் தெரிஞ்ச சரித்திரமே அம்புட்டுத்தான். ஜனங்களப் பத்தி எங்களுக்கு யாரு கேள்வி கேட்டா?"

பிறகு நான் கேட்காமலேயே சொன்னார். "ஆனா அவ பெயிலுன்னதும் ஒரு நிமிஷம் சந்தோஷமா இருந்துச்சு. அது நெசம்."

இரண்டையும் நம்பினேன். இரண்டாவதைக் கேட்டதால்தான் முதலாவதை நம்பினேன் என்று நினைக்கிறேன். ஆனாலும் மறுநாளிலிருந்து கேள்வி கேட்கிற வேலையை நான் பிடுங்கிக்கொண்டேன். அப்பாவுக்குத் தெலுங்கு தெரியும், அன்று பேசியதும் அவர் காதில் விழுந்தது என்று மகளிடமும் சொல்லிவிட்டேன். கம்பெனி பஸ்ஸில் போகும்போது படிப்பேன். தொழிற்சாலைகளில் வேலை நிறுத்தம் செய்தவர்கள், உள்நாட்டுச் சண்டையில் தொழிலாளர் குடியிருப்புகள்மேல் ராணுவம் சுட்ட பீரங்கி, இடிந்த வியன்னாவைச் சுத்தம் செய்த பெண்கள். லைனில் என் பக்கத்தில் நிற்கிறவளுக்கே பாதி தெரிந்துவிட்டது. மகளோடு அவர் பேசவில்லை. அவளும் அப்பா எங்கே என்று கேட்கவில்லை. நான் கேள்வி கேட்கும்போது அவர் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருப்பார். கூப்பிட்டால் வரமாட்டார்.

இரண்டாவது பரீட்சைக்கு முந்தின சாயங்காலம், ஒரு கேள்விக்கு எது சரியான பதில் என்று நானே தடுமாறினேன். கடைசிப் பேரரசர் முடியைத் துறந்தாரா என்று இருந்தது. கதவோரத்திலிருந்து அவர் குரல் வந்தது.

"துறக்கலை. அரசாங்கக் காரியத்துல இனித் தலையிடலைன்னு மட்டும் எழுதிக் கொடுத்தாரு."

மகள் போனில் தலையை நிமிர்த்தி அவரைத் தேடினாள். சரிதான்ப்பா என்றாள். அவ்வளவுதான் பேச்சு. பிறகு அந்தக் குடும்பத்தையே நாட்டைவிட்டு அனுப்பினார்கள், உரிமையைத் துறக்கிறவர்கள் மட்டும் இருக்கலாம் என்று சட்டம் போட்டார்கள் என்று மீதியை அவள்தான் சொன்னாள்.

பாஸாகிவிட்டாள். செய்தி வந்தபோது நான் ஷிப்டில் இருந்தேன். பாத்ரூமில் போய் அழுதுவிட்டு வந்தேன். சந்தோஷமா துக்கமா என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லத் தெரிந்திருக்காது. சாயங்காலம் போன் வந்தது. பாட்டிலில் சாய்த்து வைத்தேன். அன்று அவராகவே வந்து எதிரில் உட்கார்ந்தார். அவர்தான் முதலில் கேட்டார்.

"இனி நம்ம வீட்டுக்கு வரணும்னா நீ விசா வாங்கணுமா பாப்பா?"

"ஏதாவது ஒரு அனுமதி வாங்கணும்ப்பா."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே இருந்தார். அவள் பொறுக்க முடியாமல், தெலுங்கில், அப்பாவுக்குச் சம்மதம்தானே என்று கேட்டாள். என்னிடம் கேட்கவில்லை, நேராக அவரிடமே கேட்டாள். அவர் தமிழில் பதில் சொன்னார்.

"உன் காரியத்துல இனி நான் தலையிடலை."

அவளுக்கு அழுகையினூடே சிரிப்பு வந்துவிட்டது. "சம்மதம்னு சொல்லலையேப்பா."

"அவரும் சொல்லலையே" என்றார்.

அந்த நாட்டில் அப்படி எழுதிக் கொடுத்த பேரரசரை ரயிலேற்றி எல்லைக்கு அப்பால் அனுப்பிவிட்டார்கள். நான் எங்கே அனுப்ப? தட்டைப் போட்டு, சாப்பிட வாங்க என்றேன். வந்து உட்கார்ந்தார். சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தார், ஒரு வாய் எடுத்து வைக்கவில்லை. போனில் அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.