கதவுக் கீலின் நாலாவது போல்ட்டு

இரண்டரை நூல் போல்ட்டையும் எட்டு மில்லி போல்ட்டையும் அருகருகே வைத்து, வெறும் கண்ணால் பார்த்தே இது இன்னது என்று சொல்கிற ஆள் யாராவது இருந்தால் அவர் காலில் விழ நான் தயார். எனக்கு அன்றும் தெரியவில்லை, இன்றும் தெரியாது. முன்னது இங்கிலீஷ்காரன் அளவு, பின்னது பிற்பாடு வந்த மில்லி அளவு. தடிமன் கிட்டத்தட்ட ஒன்றுதான். மரையின், அதாவது திருகு வரியின், நெருக்கம் மட்டும் வேறு. ஒன்றின் துளையில் மற்றதைக் கொடுத்தால் இரண்டு சுற்று சமத்தாகப் போகும். மூன்றாவது சுற்றில் இறுகும். நன்றாகப் பிடித்துக்கொண்டது என்று நாம் சந்தோஷப்படுவோம். உள்ளே மரை அரைபட்டுக்கொண்டிருக்கும்.

இந்த ஞானமெல்லாம் எனக்கு எழுபதுகளின் கடைசியில், கொடைக்கானலில், ஒரு பழைய இங்கிலீஷ் காரின் அடியில் மல்லாந்து கிடந்தபோது வந்தது. நான் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் லேப் அட்டெண்டர். குப்பிகளைக் கழுவி, சீட்டு ஒட்டி, அலமாரியில் அடுக்குவது என் சோலி. கார் அதே பள்ளியில் பாடம் நடத்திய வெளிநாட்டு அம்மாளுடையது. அவர் ஊருக்குத் திரும்பிப் போனபின் நாலைந்து வருஷம் கொட்டகையில் கிடந்தது; அதற்குள் கோழிகள் முட்டையிட்டு வாழ்ந்துகொண்டிருந்தன. பள்ளிக்காரர்கள் இடத்தைக் காலி செய்தால் போதும் என்று என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

எனக்குக் கார் ஆசையெல்லாம் கிடையாது. அந்தக் கார் வேண்டும் என்று கேட்டது அக்கா. என்னைவிட ஆறு வயது மூத்தவள். சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சலில் அவளுக்கு இரண்டு கால்களும் சூம்பிவிட்டன. கக்கத்தில் இரண்டு கட்டைகளை ஊன்றி வீட்டுக்குள் நடப்பாள், கம்பளி பின்னுவாள். சீசனுக்கு வருகிறவர்கள் தலையில் போட்டுக்கொண்டு போன குல்லாக்களில் பாதி அவள் கை வேலை. மலையை விட்டு அவள் இறங்கி ஏழெட்டு வருஷம் ஆகியிருந்தது. கடைசியாக இறங்கியபோது பஸ்ஸில் கண்டக்டரும் கிளீனரும் சேர்ந்து அவளைத் தூக்கி ஏற்றினார்கள். நல்ல மனசோடுதான் தூக்கினார்கள். ஆனால் பஸ் முழுக்க வேடிக்கை பார்த்தது. வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிட்டாள்: "இனிமே எவன் வண்டிலயும் என்னைய மூட்டை கணக்கா ஏத்தி எறக்க வேணாம். நானா ஏற முடிஞ்சா வாரேன். இல்லாட்டி இங்கனயே கெடக்கேன்."

அந்தக் காரில் அவளால் தானாக ஏற முடியும். அதன் முன்கதவு மற்றக் கார்களுக்கு நேர் எதிர். கீல் பின்பக்கம் இருக்கும், கதவு முன்பக்கமாகத் திறக்கும். கதவின் மேல் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, முதுகைச் சீட்டுக்குக் காட்டி, அப்படியே உட்கார்ந்து, காலைக் கையால் எடுத்து உள்ளே வைத்துக்கொள்ளலாம். அந்த அம்மாள் ஒருமுறை அவளை அப்படி ஏற்றிக்கொண்டு ஏரியைச் சுற்றி வந்தார். யார் கையும் படாமல் ஏறி இறங்கிய அந்த ஒரு நாளைப் பற்றி அக்கா வருஷக்கணக்கில் பேசினாள்.

எங்கள் சித்தப்பா மகளுக்குத் தை மாதம் வத்தலக்குண்டில் கல்யாணம் என்று முடிவானது. பள்ளிப் படிப்பு முழுக்க எங்கள் வீட்டில் தங்கி, அக்கா கையால் சடை பின்னிக்கொண்டு படித்த பெண். அக்கா போகாமல் இருக்க முடியாது. ஆகவே தைக்குள் கார் ஓட வேண்டும்.

அதைப் பிரிக்கத் தொடங்கியபோதுதான் தெரிந்தது, முப்பது வருஷமாக அதைத் தொட்ட ஒவ்வொரு மெக்கானிக்கும் கையில் அகப்பட்டதைப் போட்டு முறுக்கிவிட்டுப் போயிருக்கிறான் என்று. ரேடியேட்டரைப் பிடித்திருந்தது ஒரு கட்டில் போல்ட்டு. பின் விளக்குக்கு சைக்கிள் போல்ட்டு. இங்கிலீஷ் அளவிலேயே அகல மரை, பொடி மரை என்று இரண்டு. அவற்றுக்கு நடுவே மில்லி. அதற்கும் மேலே, ஏதோ ஒரு பட்டறையில் அரத்தால் ராவித் தலையைச் சின்னதாக்கிய சில அநாதைகள். எந்த ஸ்பேனரும் எதற்கும் சரியாக உட்காராது. வழுக்கும். வழுக்கியதும் விரல் முட்டி நேராகத் தகட்டில் போய் இடிக்கும். கொடைக்கானல் பனியில் இடிபட்ட விரலின் வலி அடுத்தவனுக்கு வரக்கூடாது. நான் வாயில் வந்ததையெல்லாம் திட்டுவேன். உள்ளே இருந்து அக்கா, "யாருடா வந்துருக்கா?" என்று கேட்பாள்.

பேத்துப்பாறையிலிருந்து ஒருவர் ஞாயிற்றுக்கிழமை உதவிக்கு வருவார். இலங்கையில் தேயிலை பேக்டரியில் பிட்டராக இருந்து, இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பம். இருபது வருஷம் இங்கிலீஷ் மெஷின்களைக் கழற்றி மாட்டியவர் கையில் இங்கே நாம் கொடுத்தது மண்வெட்டி. அதை நினைத்தாலே எனக்கு எரிச்சல் வரும். அவர் எரிச்சல்படுகிற ஆள் இல்லை.

"கண்ணால பாத்துக் கதைக்காதீங்க அண்ணே," என்பார். "மரையோட மரைய ஒட்ட வச்சு வெளிச்சத்துல புடிங்க. ஊடால வெளிச்சம் தெரியலைன்னா ஒரே மரை. தெரிஞ்சா வேற. அத விட்டுப்புடுங்க."

அப்படிப் பார்த்துப் பார்த்து, கழற்றிய இடம் வாரியாகப் பிரித்து, இருபத்தொரு பால்பவுடர் டப்பாக்களில் போட்டேன். ஒவ்வொரு டப்பாவிலும் பள்ளியில் ஒட்டுகிற மாதிரியே சீட்டு. எந்த இடம், என்ன மரை, எத்தனை, எது மாற்ற வேண்டியது. அத்தனை மாதங்களில் நான் செய்த உருப்படியான காரியம் அந்த டப்பா வரிசைதான்.

எல்லாவற்றிலும் சண்டித்தனம் செய்தது அக்கா பக்கத்துக் கதவின் கீல். மேல் கீலுக்கு இரண்டு, கீழ்க் கீலுக்கு இரண்டு, ஆக நான்கு போல்ட்டு. நான்குமே துருவேறி, கழற்றும்போதே ஒடிந்தன. இங்கிலீஷ் பொடி மரை, நீளம் அதிகம், தலை சின்னது. கொடைக்கானல் கடையில் மாதிரியைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை. "மில்லிதான் தம்பி இருக்கு. இதுக்கெல்லாம் மதுரைக்குத்தான் போகணும்." மதுரைக்குப் போனேன். பழைய இரும்புக் கடைகளில் குவியல் குவியலாகக் கிளறி, முதல் தடவை ஒன்று, இரண்டாம் தடவை இரண்டு. நாலாவதுக்கு ஆயுத பூஜைக்கு முதல் நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன். பகல் முழுக்கக் கிளறி, கடை அடைக்கிற நேரத்தில் கிடைத்தது. "இந்த மரையில இதுதான் கடைசி. இனிமே வராதீங்க," என்றார் கடைக்காரர், பாதி வேடிக்கையாக. பஸ்ஸைத் தவறவிட்டு, ஸ்டாண்டிலேயே படுத்து, மறுநாள் மதியம் வீடு வந்தேன். பையில் போடக்கூட மனசில்லாமல் வழி முழுக்க அதைக் கையிலேயே வைத்திருந்தேன்.

முன்னறையில் சாமி படத்துக்கு முன்னால் பூஜை தயாராக இருந்தது. பொரி, கடலை, பேரிக்காய். நடுவில் எங்கள் வீட்டுப் பெரிய தாம்பாளம். அதில் என் போல்ட்டுகள். எல்லாம். மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சவுக்காரம் போட்டுத் தேய்த்து, துடைத்து, கும்பாரமாகக் குவித்து, மேலே சந்தனம் குங்குமம் வைத்திருந்தாள் அக்கா. சுவரோரம் இருபத்தொரு டப்பாக்களும் பளபளவென்று கவிழ்ந்து கிடந்தன. சீட்டுகளையும் சுரண்டி எடுத்திருந்தாள்.

ஆயுத பூஜைக்கு வீட்டில் உள்ள இரும்பையெல்லாம் கழுவிப் பொட்டு வைத்து சாமி முன்னால் வைக்காதவர்கள் யார்? அரிவாள்மனைக்கும் ஊசிக்கும் வைப்பவள் காருக்கு வைக்காமல் இருப்பாளா? இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அன்றைக்கு எனக்குக் கண்ணை இருட்டியது.

"என்ன காரியம் பண்ணி வச்சிருக்க?"

"அழுக்கா கெடந்துச்சேடா. சாமி முன்னால அப்பிடியே எப்பிடி வைக்கிறது? ரெண்டு நாளாத் தேச்சேன்," என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

"கால்தான் வெளங்கலைன்னு பாத்தா மூளையும் வெளங்காமப் போச்சா உனக்கு?"

சொல்லிவிட்டேன். சொன்ன சூட்டிலேயே கொல்லைப் பக்கம் போய், கையிலிருந்த நாலாவது போல்ட்டை ஓங்கி வீசினேன். பேரி மரங்களைத் தாண்டிச் சரிவில் எங்கோ போய் விழுந்தது. விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. வீசின கையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இவ்வளவு மடத்தனம் ஒரு மனிதனுக்குள் இருக்க முடியுமா என்று இருந்தது.

காரைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்த எங்கள் வீட்டுக் கொட்டகை, கிணற்றடியைத் தாண்டி மேட்டில் இருந்தது. அங்கிருந்து கழுத்தில் ஒரு துணிப்பையைத் தொங்கவிட்டு, டப்பா டப்பாவாக, கட்டையை ஊன்றி இருபத்தொரு நடை நடந்து எடுத்து வந்திருக்கிறாள். இது அடுத்த வீட்டுக்காரர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிறு பிட்டர் வந்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். பிறகு என்னை விட்டுவிட்டு அக்காவிடம் போய் வெளிச்சத்தில் பிடிக்கிற வித்தையைக் காட்டிக்கொடுத்தார். கம்பளி பின்னுகிறவளுக்கு அது ஒரு வேலையே இல்லை. இஞ்சுக்கு எத்தனை மரை என்று கண்ணி எண்ணுகிற மாதிரி எண்ணினாள். நான் நாலு நாளில் செய்வதை அரை நாளில் செய்தாள். மூன்று வாரத்தில் டப்பாக்கள் திரும்ப நிறைந்தன. ஆனால் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை.

"கீல் போல்ட்டு மூணுதான் இருக்கு," என்றாள் ஒரு நாள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. "நாலாவதையும் அன்னைக்குத் தாம்பாளத்துலதான் போட்டேன். நீ பொட்டைக் கழுவி ஊத்துன லட்சணத்துல அது சாக்கடையோட போயிருக்கும்."

என் முகத்தையே பார்த்தாள். ஒரு ஊசி தொலைந்தாலும் வீட்டைத் தலைகீழாகக் கவிழ்க்கிறவள், அந்த போல்ட்டை ஒரு நாள்கூடத் தேடவில்லை. கோபத்தில் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

நான்தான் தேடினேன். பள்ளி லேபிலிருந்து காந்தத்தை எடுத்து வந்து, குச்சியில் கட்டி, அவள் குளிக்கப் போகிற நேரம் பார்த்துச் சரிவெல்லாம் துழாவினேன். இரண்டு ஆணி, ஒரு லாடத் துண்டு. மதுரைக்கு ரகசியமாக இன்னும் இரண்டு தடவை போனேன். கிடைக்கவில்லை. திண்டுக்கல்லில் லேத் பட்டறைக்காரர், "பொங்கல் கழிச்சு வாங்க," என்றார். கல்யாணம் பொங்கல் கழித்து மூன்றாம் நாள்.

கடைசியில் ஒரு எட்டு மில்லியை எடுத்தேன். நீளம் சரி, தடிமன் சரி. அக்கா அதை என் கையிலிருந்து வாங்கி, மற்றொன்றோடு ஒட்டி, சன்னலுக்கு நேரே பிடித்தாள்.

"ஏலே, இது வெளிச்சம் காட்டுது. இதப் போடாத."

"வேற எங்க இருக்கு? இருந்தா எடுத்துக் குடு."

மறுபடியும் அதே பார்வை. போல்ட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மேல் கீலில் வைத்து முறுக்கினேன். இரண்டு சுற்று போயிற்று. மூன்றாவதில் இறுகியது. ஸ்பேனருக்கு ஒரு குழாயை மாட்டி இன்னும் இறுக்கினேன். கதவைத் திறந்து மூடிப் பார்த்தேன். அருமையாக ஆடியது.

கல்யாணத்துக்கு முதல் நாள் வெள்ளனே கிளம்பினோம். வண்டி முதல் முயற்சியிலேயே ஸ்டார்ட் ஆனது. அக்கா ஊதாப் பட்டுச் சேலை கட்டி, அதன்மேல் தானே பின்னிய சுவெட்டர் போட்டிருந்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் வேலி ஓரம் வந்து நின்றார்கள். நான் கிட்டே போனேன். "தொடாத. தள்ளி நில்லு," என்றாள். மூன்று மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் குரலில் பழைய மிடுக்கு இருந்தது. கட்டைகளை வண்டியில் சாய்த்தாள். கதவின் மேல் விளிம்பைப் பிடித்தாள். முதுகைச் சீட்டுக்குக் காட்டி, முழு எடையையும் கையில் கொடுத்து இறங்கினாள்.

மேல் கீலில் மிச்சமிருந்த ஒற்றை போல்ட்டு தாங்காமல், கீல் பிடுங்கிக்கொண்டு வந்தது. கதவு ஒருபக்கமாகச் சரிந்தது. அக்கா ஈர மண்ணில் பொத்தென்று உட்கார்ந்தாள். அடி ஒன்றும் இல்லை. அவள் பக்கத்திலேயே அந்த எட்டு மில்லி போல்ட்டு கிடந்தது. மரைக்கு நடுவே இரும்புத் துருவல் சுருண்டு ஒட்டியிருந்தது. அதை எடுத்துப் பார்த்தாள். அன்றைக்கு அவளுக்கு அதை வெளிச்சத்தில் பிடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை.

"தூக்கு," என்றாள்.

வேலி ஓரம் அத்தனை பேர் நிற்க, தூக்கிச் சீட்டில் வைத்தேன். அவ்வளவு லேசாக இருப்பாள் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கதவை இழுத்துக் கயிற்றால் கட்டினேன். வண்டி ஓடியது. நன்றாகவே ஓடியது. அது எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கொடுத்தது. அவள் திட்டினால் தேவலை என்று இருந்தது. வளைவு வளைவாக இறங்கினோம். பெருமாள்மலையைத் தாண்டினோம். டம்டம் பாறைக்கு அருகே, கீழே சமவெளி தெரிந்ததும், வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அன்னைக்கு நீ பேரி மரத்துப் பக்கம் வீசுனத சன்னல்ல நின்னு பாத்துக்கிட்டுதான் இருந்தேன். இன்னைக்குச் சொல்லுவ, நாளைக்குச் சொல்லுவன்னு மூணு மாசமாப் பாத்தேன்டா."

கியரை மாற்றினேன். அடுத்த வளைவுக்கு ஹாரன் அடித்தேன்.

மண்டப வாசலில் சொந்தக்காரர்கள் மொத்தமும் நின்றது. கயிற்றை அவிழ்த்து, கதவைத் தோளால் தாங்கிக்கொண்டு நின்றேன். அக்கா ஒரு கணம் கூட்டத்தைப் பார்த்தாள். பிறகு இரண்டு கைகளையும் என் பக்கம் நீட்டினாள். தூக்கியதும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு காதருகே சொன்னாள், "மூஞ்சியத் தொங்கப் போடாத. எல்லாரும் பாக்குறாங்க." அப்படியே அவளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.