சாம்பார் ஆறுவதற்குள் ஒரு ஜெபம்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்கள் சபையார் திண்டிவனம் அரசு மருத்துவமனை வாசலில் சாப்பாடு கொடுப்போம். பரிமாறும் முன் ஒருவர் சத்தமாக ஜெபிக்க வேண்டும்.

இன்று போதகரின் மனைவி, எங்கள் ஐயரம்மா, "நீ பண்ணு பாப்பா" என்றுவிட்டார்.

பள்ளியை விட்டதிலிருந்து நாலு பேர் முன்னால் நான் வாய் திறந்ததில்லை. கண்ணை மூடினேன். ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தேன். எல்லோரும் தட்டோடு நின்றார்கள்.

"ஆண்டவரே, இவங்க பசியோட நிக்கிறாங்க. சாம்பார் ஆறிடும். ஆமென்."

கணவரை வார்டில் சேர்த்திருக்கும் வானூர் அக்கா சிரித்தார். "போன வாரம் உங்க ஐயரு ஜெபம் பண்ணிக்கினே இருந்தாரு, சோறு வெறைச்சிப் போச்சி. இனிமே நீயே பண்ணு கண்ணு."

போதகர் ஐயர் அக்காவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார்.

அடுத்த ஞாயிறும் நானேதானாம். அன்றைக்கு எலுமிச்சை சோறு. அது ஆறினாலும் நன்றாகத்தானே இருக்கும், என்ன சொல்லி ஜெபிப்பது?