திருப்பிக் கொடுக்க முடியாத கூடாரம்

பீனியாவில் ஓர் இயந்திரத் தொழிற்சாலையில் தரப் பரிசோதகராக வேலை பார்ப்பவர் கிளாரன்ஸ். குறை கண்டால் ஒதுக்கிவைப்பது அங்கே அவருக்குச் சம்பளம் தரும் திறமை. ஜோகுபாளையத்து வீட்டிலோ அது மனைவி யூனிஸுக்கு வாய்த்த தலைவலி. புது மிக்ஸியை மூன்று முறை கடைக்குத் திருப்பி அனுப்பியவர் அவர். பெண் பார்த்துவிட்டுப் போனபின் சம்மதம் சொல்ல ஏழு மாதம் எடுத்துக்கொண்டதை யூனிஸின் வீட்டார் இன்றைக்கும் மறக்கவில்லை.

இந்த ஆண்டு அந்தத் தலைவலி பிள்ளைகளின் விளையாட்டுக் கூடாரமாக வந்து சேர்ந்தது.

ஆண்டுதோறும் மழை ஓய்ந்தபின் கனகபுரா பக்கம் ஆற்றோரத்தில் இரண்டு நாள் முகாமிடுவது குடும்ப வழக்கம். அங்கே சமையல் கிளாரன்ஸுடையது. பள்ளியில் ஊரார் பிள்ளைகளையும் வீட்டில் தன் பிள்ளைகளையும் மேய்க்கும் யூனிஸுக்கு, வருடத்தில் அந்த இரண்டு நாள்தான் ஓய்வு. சென்ற முறை ரயானும் அன்னாவும் விளையாட ஒன்றுமில்லையென்று அழுதே தீர்த்தார்கள். அவளுடைய ஓய்வும் அதோடு தீர்ந்தது.

"டென்ட் கிடைச்சா போவோம். இல்லன்னா இந்த வருஷம் வேணாம்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார் கிளாரன்ஸ்.

முதலில் தருவித்ததற்குத் தரை இல்லை, எறும்பு ஏறுமாம். அடுத்ததில் கொசுவலை இல்லை. மூன்றாவதில் எல்லாம் இருந்தன, ஆனால் ஒரே ஜன்னல். "காத்து உள்ள வந்தா போதுமா? வெளிய போக வழி வேணாமா?" என்று அதையும் திருப்பியனுப்பக் கட்டிவைத்தார்.

பார்சல் கொண்டுவரும் கோவிந்தப்பா வாசலிலேயே கேட்கத் தொடங்கிவிட்டார்: "ஏனம்மா, இதுவும் வாபஸ்ஸா? சார் பாத்து முடிக்கிற வரைக்கும் இங்கயே நிக்கட்டுமா?"

"சிரிக்காதீங்க கோவிந்தப்பா. அடுத்த தடவை டென்ட்டோட சேத்து அவரையும் கட்டி அனுப்பிடறேன்."

முகாமுக்கு முந்தைய ஞாயிறு, சபையில் அறுப்பின் பண்டிகை. சபையார் காணிக்கையாகக் கொண்டுவந்த பூசணிக்காய், சேவல், கேக் எல்லாம் ஆராதனை முடிந்ததும் ஏலத்துக்கு வரும். ஆண்டவருக்குப் படைத்ததை ஏலத்தில் எடுத்தவர் திருப்பிக் கொடுப்பதில்லை. எழுதப்படாத சட்டம் அது. அந்தக் காணிக்கைகளின் நடுவே ஒரு விளையாட்டுக் கூடாரத்தைக் கண்டதும் யூனிஸுக்கு வழி பிறந்தது. கிளாரன்ஸ் தூரத்தில் பிரியாணி பரிமாறிக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் படுமுன் எடுத்துவிட வேண்டும்.

கமிட்டிக்காரர் டெரிக் விலை கேட்டதும் கையைத் தூக்கினாள். எதிர்ப்பக்கம் இன்னொரு கை எழுந்தது. பாடகர் குழுவில் கீபோர்டு வாசிக்கும் கவியரசன்! அவள் ஏற்ற, அவனும் ஏற்றினான்.

"டேய் தம்பி, உனக்கு இன்னும் கல்யாணமே ஆகல. குழந்தைங்க டென்ட் எதுக்குடா?"

"இருக்கட்டும்க்கா, முன்னாடியே வாங்கி வச்சுக்கறேன்."

சுற்றியிருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கடை விலையைத் தாண்டியாயிற்று. "விட்டுடாதீங்க யூனிஸ், சர்ச் கூரை ஒழுகுது!" என்று டெரிக் வேறு ஏற்றிவிட்டார். ஆத்திரத்தில் கண் கலங்கியதே தவிர, அவள் கை இறங்கவில்லை. கவியரசன்தான் ஓய்ந்தான்.

"மூணு தரம்!"

கையில் கரண்டியோடு கிளாரன்ஸ் ஓடிவந்தார்.

"யூனிஸ், போச்சு! நேத்து இங்க ஏலச் சாமான் அடுக்கும்போதே பிரிச்சுப் பாத்தேன். தரை, வலை, ரெண்டு ஜன்னல், எல்லாம் சரியா இருந்துது. எனக்காகக் கவியைக் கேக்கச் சொன்னேன். யாரோ ஒரு அம்மா விடவே மாட்டேன்னுட்டாங்களாம்!"

யூனிஸ் கூடாரப் பையைத் தூக்கிக் காட்டினாள்.

"அந்த அம்மாதான் உங்க வீட்டுல சோறாக்குறா. நேத்தே பிடிச்சிருந்தா நேத்தே சொல்லித் தொலைக்கக் கூடாதா?"

"ஒரு தடவை பாத்ததும் எப்படி முடிவு சொல்றது?"

சபை முழுவதும் சிரித்தது. புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பொருளுக்கு மோதுவது அவர்கள் இருவரைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. ஒழுகும் கூரைக்குப் பணம் சேரட்டுமென்று ஒருவரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கிளாரன்ஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். "இந்த ஜிப் கொஞ்சம் சிக்குது..."

"கர்த்தருக்குக் குடுத்தது. கார்ல வைங்க."

சனிக்கிழமை ஆற்றோரத்தில் பிள்ளைகள் அந்தக் கூடாரத்தைக் கடையாக்கி, ஒரு ஜன்னலில் கூழாங்கல்லும் மறு ஜன்னலில் இலையும் விற்றார்கள். ஜிப்பைப் பார்க்க வந்த அப்பாவை, "கடை மூடியாச்சு" என்று துரத்தினார்கள். அவர் முனகிக்கொண்டே அடுப்புக்குத் திரும்பி மீன் குழம்பை இறக்கினார். யூனிஸ் முதல் ஆளாகத் தட்டில் போட்டுக்கொண்டு மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். சாப்பிட்டு முடிக்கும்வரை அவளை ஒருவரும் கூப்பிடவில்லை.