உடைந்த பானைக்கு எவ்வளவு, டீச்சர்?

பானை செய்யும் வகுப்பில், பழகும்போது கெட்டுப்போகிற ஒவ்வொரு பானைக்கும் தனியாகக் காசு வாங்குவார்கள் என்று நான் நம்பியிருந்தேன். சிரித்து முடித்துவிட்டீர்களா? சரி, மேலே சொல்கிறேன்.

நேற்று மட்டாஞ்சேரியில் ஒரு காப்பிக் கடை வாசலில் பலகை ஒன்று பார்த்தேன். இரண்டு மணி நேரப் பானை வகுப்பு, இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய். மண், சூளைக்கூலி, ஒரு காப்பி, போட்டோ எல்லாம் அதிலேயே அடக்கம். உள்ளேயிருந்து ஊறிய களிமண் வாசனை வந்தது. மழை வாசனையோடு அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். மழை வாசனைக்குக் கவிதை வரும்; இதற்கு இடுப்பு வலிதான் வரும். எனக்கு வந்தது.

ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால், இதே தெருவுக்குப் பின்புறம், மிளகு மூட்டை அடுக்கிவைத்திருந்த பழைய கிடங்கில் ஆன்ஸி டீச்சர் சக்கரங்கள் போட்டு வகுப்பு நடத்தினார். எனக்குக் கார்ப்பரேஷனில் தெருவிளக்கு வேலை. ஏணியை அந்தச் சுவரில் சாத்திக்கொண்டு ஏறியபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சுழலும் மண்ணில் டீச்சர் கட்டைவிரலை வைத்தார்; மண் வாயைத் திறந்தது. அவ்வளவுதான். பல்பை மாற்றாமல் இறங்கி வந்து பணம் கட்டிவிட்டேன். ஆறு ஞாயிறுக்கு நாலாயிரம். பல்பு மறுநாள் மாட்டினேன்.

வீட்டில் என் மனைவி கோமதி ஒரு கேள்விதான் கேட்டாள். "மண்ணு பிசைய நாலாயிரமா? இங்க சப்பாத்தி மாவு பிசைய ஆளில்லாம கிடக்கு."

சுள்ளிக்கல்லில் சாயாக்கடை வைத்திருக்கும் அவள் தம்பி முருகேசன் அன்றைக்கென்று வந்திருந்தான். "அத்தான், இடப்பள்ளி மால்ல போனா நாலாயிரத்துக்கு ஒரு அலமாரி நெறைய கோப்பை வாங்கலாம். டப்பாவும் ஃப்ரீயா தருவான்."

"என் ஓவர்டைம் காசு மாப்ள. நாப்பத்தஞ்சு வயசு வரைக்கும் எனக்குன்னு நான் செலவு பண்ணது ஒரு பல்லு புடுங்கினது மட்டும்தான். அதுவும் உங்க அக்கா தூங்க முடியலைன்னு திட்டினதால."

பேச்சு வீரமாகத்தான் இருந்தது. முதல் ஞாயிறு சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்ததும் வீரம் வழிந்து சாக்கடைக்குப் போயிற்று. டீச்சர் விதிகளைச் சொன்னார்: மண் அவர்களுடையது; சூளையில் சுடுவதற்கு மட்டும், பாத்திரத்தின் அளவு பார்த்துத் தனிக்கூலி. இதில் புரியாமல் போக எதுவும் இல்லை. ஆனால் எனக்கு 'தனிக்கூலி' என்ற சொல்லுக்குப் பிறகு காது வேலை செய்யவில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. பதினெட்டு வயதில் இதே ஊர் பிராட்வேயில் ஒரு பீங்கான் கடையில் வேலைக்கு நின்றேன். வைக்கோல் பொதிந்த பெட்டியைப் பிரித்துக் கோப்பைகளை எடுத்து அடுக்கும் வேலை. எது உடைந்தாலும் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். பெட்டிக்குள்ளேயே விரிசல் விட்டு வந்த தட்டுக்கும் பிடித்தார்கள். "எடுத்தது யாரு? நீதானே" என்பார் முதலாளி. ஒரு ஓணத்துக்கு என் போனஸ் கைக்கு வரவில்லை; ஒரு சூப் கிண்ணத்தின் பாதி விலைக்குப் போயிற்று. கண்ணாடி கிணுகிணுக்கிற சத்தம் கேட்டால் இன்றைக்கும் என் கை சட்டைப்பையைப் பொத்திக்கொள்ளும். கல்யாண வீட்டில் பாயசக் கிளாஸை நான் எப்படி வாங்குவேன் என்று நீங்கள் பார்க்க வேண்டும், பச்சைக் குழந்தையை வாங்குவது போல.

ஆகவே என் முதல் பானை ஒருபக்கம் சாய்ந்தபோது டீச்சர் இரண்டு கையிலும் மெல்லிய கம்பியை இழுத்துப் பிடித்துக்கொண்டு வந்தார். பானையை நெடுக்காக அறுத்து, சுவர் எங்கே தடித்தது, எங்கே மெலிந்தது என்று காட்டுவது அங்கே வழக்கம். நான் பானையின் மேல் கவிழ்ந்துகொண்டேன்.

"அறுக்காதீங்க டீச்சர்! நான் சரி பண்ணிர்றேன்!"

"சேட்டா, அது சரியாகில்ல. வேற ஒண்ணு செய்யலாம்."

"வேற ஒண்ணா? வேண்டாம். எனக்கு இது ஒண்ணு போதும்."

அந்த ஒன்றையே அன்று முழுக்கத் தடவிக்கொண்டிருந்தேன். அடுத்த ஞாயிறும் அதே கதை. பக்கத்துச் சக்கரத்தில் காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை செய்யும் ஒரு பெண். அவள் பானை செய்வாள், உதட்டைப் பிதுக்குவாள், அறுத்து வாளியில் எறிவாள். மறுபடி செய்வாள், எறிவாள். ஒவ்வொரு எறிதலுக்கும் நான் மனசுக்குள் ஒரு விலை போட்டுக் கூட்டிக்கொண்டே வந்தேன். அவளுடைய சம்பளம் தீர்ந்து, அவளுடைய அப்பாவின் பென்ஷனுக்குள் கணக்கு நுழைந்ததும் என்னால் பொறுக்க முடியவில்லை. டீச்சரை ஓரமாகக் கூப்பிட்டேன்.

"டீச்சர், அந்தப் பிள்ளைகிட்ட கொஞ்சம் சொல்லக்கூடாதா? உடைஞ்ச பானைக்கு எவ்வளவுன்னு தெரியாம உடைச்சுக்கிட்டே இருக்குது."

டீச்சர் எனக்காகத் தமிழையும் மலையாளத்தையும் சேர்த்துப் பிசைந்து பேசுகிறவர். இந்த முறை பிசையக்கூட நேரம் எடுக்கவில்லை. "எந்தா சேட்டா! பச்ச மண்ணுக்கு காசோ? வெள்ளத்துல இட்டா பின்னெயும் மண்ணு தன்னே! சுட்டா மட்டும்தான் கூலி." வெள்ளம் என்றால் அவர்களுக்குத் தண்ணீர்.

அந்தப் பெண் சிரித்த சிரிப்பில் அவளுடைய பானையும் சாய்ந்தது. எனக்கு வெட்கம் வர வேண்டும், வரவில்லை. கோபம் வந்தது. பீங்கான் கடை முதலாளி மேலா, என் மேலா என்று பிரித்துப் பார்க்கவில்லை. கம்பியை வாங்கி, இரண்டு வாரம் தடவிய என் செல்லப் பானையை ஒரே இழுப்பில் அறுத்தேன். அதற்குப் பிறகு நான் உடைத்த உடைப்பு இருக்கிறதே! வேண்டுமென்றே உயரமாக இழுத்துச் சாயவிட்டேன். டீச்சர் "மெல்ல, சேட்டா, மெல்ல" என்று கத்துவார். முதுகுக்குத் தைலம் வாங்கிய செலவை எந்தப் பலகையிலும் எழுதமாட்டார்கள். நீங்கள் சேர்வதாக இருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கடைசி ஞாயிறு, நாலாயிரத்துக்கு என்ன விளைந்தது என்று பார்க்க முருகேசன் கூடவே வந்தான். அடுக்குத் தட்டில் என் பெயருக்கு நேரே காய்ந்த உருப்படிகள் நான்கு நின்றன.

"சுடாத மண்ணா? அப்ப எல்லாத்தையும் சுடச் சொல்லுங்க. குடுத்த காசுக்குக் கணக்காவது காட்ட வேண்டாமா?" என்றான்.

நல்ல ஜாடி ஒன்று இருந்தது. நேராக நின்ற குவளைகள் இரண்டு. நான் எடுத்தது நான்காவதை. விளிம்பு கோணலான ஒரு கிண்ணம். அதை இன்னொரு முறை செய்யச் சொன்னால் எனக்கு வராது. அதை மட்டும் டீச்சரிடம் சுடக் கொடுத்துவிட்டு ஜாடியைத் தண்ணீர் வாளியில் இறக்கினேன். காய்ந்த பச்சை மண் தண்ணீர் பட்டதும் உஸ்ஸென்று இரைந்து, குமிழ் விட்டு, நாம் பார்க்கப் பார்க்கவே இடிந்து விழும்.

"அய்யோ அத்தான்! கிறுக்குப் பிடிச்சிருச்சா? அக்காகிட்ட நான் என்ன சொல்ல?"

"பார்த்ததைச் சொல்லு. அடுத்ததை நீ போடு மாப்ள."

அவன் டீச்சரைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், குவளையை இரண்டு விரலால் பிடித்து இறக்கினான். அது உஸ்ஸென்று கரைந்து முடியும்வரை வாளிக்குள் தலையை விட்டுக்கொண்டு நின்றான். பிறகு கேட்டான், "அந்த இன்னொண்ணு?"

இப்போது அந்தக் கிடங்கு ஏசி போட்ட தங்கும் விடுதி. சூளை இருந்த இடத்தில் வரவேற்பு மேஜை. சக்கரங்களையும், எங்கள் எல்லோருடைய பானைகளும் கரைந்திருந்த மண் வாளிகளையும் டீச்சர் ஒரு டெம்போவில் ஏற்றி, சொந்த ஊர்ப் பக்கம் கொண்டுபோய்விட்டார். நம்பருக்குக் கூப்பிட்டால் எடுப்பதில்லை. கோமதி புளி போட்டு வைத்திருந்த அந்தக் கிண்ணமும் போன மழைக்காலத்தில் கைதவறி விழுந்து உடைந்துபோயிற்று.

மொத்தத்தில் நான் கொடுத்தது வகுப்புக்கு நாலாயிரம், கிண்ணத்தைச் சுட நூற்றைம்பது. உடைத்ததற்கு யாரும் எதுவும் கேட்கவில்லை.