குடிக்க ஒரு டோக்கன்

பொம்மனஹள்ளியில் ஒரு சட்டைக் கம்பெனியில் பண்டல் தூக்கிக்கொண்டிருந்தேன். அங்கே காலர் தைத்த ஒரு பெண்ணை எல்லோரும் அக்கா என்பார்கள். ஒல்லியான உடம்பு, கழுத்தில் எப்போதும் இஞ்சு டேப்.

கழிவறைக்குப் போக ஒரு வரிசை மெஷின்களுக்கு ஒரே டோக்கன்; ஒருத்தி திரும்பி வந்தால்தான் அடுத்தவள் போகலாம். அதற்குப் பயந்து பெண்கள் தண்ணீரே குடிப்பதில்லை. அக்கா மட்டும் பெரிய பாட்டிலை மெஷின்மேல் வைத்து, எல்லோரும் பார்க்க அண்ணாந்து குடிப்பார்.

ஒருநாள் சூப்பர்வைசர் வந்து நின்றார்.

"ஏனம்மா, தைக்க வந்தியா, தண்ணி குடிக்க வந்தியா? நாளைக்கு இந்த பாட்டில் வந்தா உனக்கு வேலை இல்ல."

"குடிக்கறதுக்கும் ஒரு டோக்கன் போடுங்க சார். லைன்ல நின்னு வாங்கிக்கறேன்."

வரிசையே சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

மறுநாளும் அக்கா பாட்டிலோடு வந்தார். கேட்டிலேயே கணக்கு முடித்துவிட்டார்கள். வெளியே நின்றிருந்த என்னிடம் பாட்டிலை நீட்டினார்.

"உள்ள வெச்சிடுங்கண்ணா. நெறைய தண்ணி இருக்கு."

துணிக்கட்டுக்குள் மறைத்துக் கொண்டுபோய் அவருடைய மெஷின்மேல் வைத்தேன். மத்தியானம் பார்த்தால் பாட்டில் காலி.

"யார் குடிச்சது?" என்று சூப்பர்வைசர் கத்தினார். ஒருத்தியும் தலை நிமிரவில்லை. மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

எத்தனையோ ஊர், எத்தனையோ வேலை பார்த்துவிட்டேன். வேலை போன நேரத்தில் தண்ணீரைப் பற்றி நினைத்த ஆளை வேறெங்கும் பார்க்கவில்லை.